பதிலுக்கு நிற்பவர்

கறுப்புப் பர்தாவுக்கு மேல் வெள்ளைக் கோட்டு. கீழக்கரையில் அவர் தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பழைய டிவி’. கலர் வராத டிவியாம். காதில் விழும்படியே கத்துவார்கள். “ரிமோட்டு ஒங்ககிட்டத்தானடா இருக்கு, அமுக்கிப் பாருங்க, சத்தம் கொறையிதான்னு” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். கோட்டைச் சில நாள் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். போய்ச் சேரும் கடையில் மாட்டிக்கொள்ளும் ஒரு நிமிஷம்கூட அவருக்கு வீண்.

எங்களுக்கு அவர் லாத்தா. அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆர்.எஸ்.மங்கலத்து விவசாயி மகனான எனக்கும் லாத்தா, தங்கச்சிமடத்து மீனவர் மகளான ஜெனிபருக்கும் லாத்தா. மாவட்டத்து மருந்தாளுநர் சங்கத்துக்குச் செயலாளர். மருந்துக்கடை முதலாளிகளுக்கென்று தனியாக ஒரு சங்கம் உண்டு; அது வாசலில் கார்கள் நிற்கும் சங்கம். எங்களுடையது கடைக்குள் சம்பளத்துக்கு நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களின் சங்கம். வாசலில் செருப்புகள் கிடக்கும்.

நான் சேர்ந்த புதிதில், சங்கத்துக்கு ஆள் சேர்ப்பது பற்றி எனக்குப் பெரிய பெரிய யோசனைகள் இருந்தன. படித்து முடித்த சூடு. வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். பிளெக்ஸ் அடித்தேன். புது மருந்துகளைப் பற்றி ஒரு பேராசிரியரைக் கூட்டிவந்து பேசவைத்து, பிரியாணியும் போட்டோம். மண்டபம் நிறைந்தது. மறுமாதக் கூட்டத்துக்கு நானும் லாத்தாவும் மைக்செட்காரரும்தான் இருந்தோம்.

“பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா அது ராத்திரிக்குள்ள செரிச்சிரும்” என்றார் லாத்தா.

அவர் யாரையும் சங்கத்தில் சேரச் சொல்லிக் கேட்டதே இல்லை. ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தார். அதை வைத்தே இந்தக் கடற்கரை முழுக்க ஆள் சேர்த்தார்.

“நீ போயிட்டு வா. நான் நிக்கிறேன்.”

அந்த வாக்கியத்தின் மதிப்பு மருந்துக்கடையில் நின்றவனுக்குத்தான் தெரியும். படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர் ஒருவர் இருந்தால்தான் கடையில் மருந்து விற்கலாம், சட்டம் அப்படி. அதை எங்கள் முதலாளிகள், ஆகவே நீ எங்கேயும் போகக்கூடாது என்று புரிந்துகொண்டிருந்தார்கள். காய்ச்சல் என்றால், “மருந்துக்கடையிலதானய்யா நிக்கிற, போட்டுக்கிட்டு நில்லு” என்பார்கள். நான் சங்கத்தில் சேர்வதற்கு முன்பு, அய்யாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன் என்று லீவு கேட்டபோது ராமநாதபுரத்தில் என் முதலாளி சொன்ன பதில்: “ஆபரேஷன் பண்றது டாக்டரு. நீ போயி என்ன செய்யப் போற?”

அன்று சாயங்காலமே லாத்தா வந்து நின்றார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. முதலில் சுவரைப் பார்த்தார். எல்லா மருந்துக்கடையிலும் மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். என் பெயரை வாய்விட்டு வாசித்தார். பிறகு அந்தச் சட்டத்தைப் பார்த்தே, “சலாம் தம்பி, நாளைலருந்து ஒன் எடத்துல நிக்க வாரேன்” என்றார். பக்கத்தில் ஆளாக நான் நிற்கிறேன், சலாம் எனக்கில்லை, சுவருக்கு! அப்புறம்தான் என் பக்கம் திரும்பி அந்த வாக்கியத்தைச் சொன்னார். முதலாளிக்கு மறுக்க வழியில்லை. சட்டம் கேட்கிற ஆள், கோட்டோடு எதிரே நிற்கிறது, சம்பளமும் கேட்கவில்லை. பஸ் காசும் டீயும் போதுமாம்.

அய்யாவின் கண்கட்டை அவிழ்க்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். “ஏலே, நீயா, இளச்சுப்போயிட்டியேடா” என்றார். திரும்பி வந்ததும் லாத்தாவிடம் நான்தான் கேட்டேன், சங்கத்தில் சேர என்ன செய்யவேண்டும் என்று.

“ஒண்ணே ஒண்ணுதான். ஒனக்கு ஒருத்தர் நின்னாங்கள்ல, நீ இன்னொருத்தருக்கு நிக்கணும். வார லீவுல ஒரு நாளு அதுக்கு.”

எங்கள் சங்கத்தின் சட்டதிட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒருமுறை உச்சிப்புளி தாண்டும்போது பஸ்ஸில் சொன்னார், ஏதோ மாத்திரை விலை ஏறியதைச் சொல்வதுபோல. பரமக்குடியில் ஒரு கடையில் வேலை பார்த்த காலத்தில் உம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்திருக்கிறது. மருந்து இன்ஸ்பெக்டர் வருகிற வாரம், மாற்று ஆள் வராமல் நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாற்று ஆள் என்று யாரும் இல்லை. “நான் போறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாக தம்பி. மொகம் பாக்கல.” பிறகு ஜன்னலுக்கு வெளியே கைநீட்டி, “அந்தா பாரு, அந்த மெடிக்கல்ல நிக்கிற பிள்ளைக்கு இது எட்டாம் மாசம். நம்ம சங்கத்துல இல்ல. இருந்தாலும் எறங்கிக் கேட்டுட்டுப் போவோம்” என்று மணியடிக்கச் சொன்னார்.

மருந்தாளுநர்களை அவர் இரண்டாகப் பிரிப்பார். நிற்கிறவர்கள், தொங்குகிறவர்கள். சான்றிதழை ஏதோ ஒரு கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பவர்கள் தொங்குகிறவர்கள். அப்படி ஒரு கடைக்குள் நுழைய நேர்ந்தால் சுவரைப் பார்த்து, “இந்தா இருக்காக. ஆளு துபாய்ல இருக்காக, பேரு இங்கன தொங்குது” என்பார் சத்தமாக. அந்த மாதிரி ஆட்கள் சந்தாவோடு வந்தால்கூடச் சேர்க்கமாட்டார். “இது நிக்கிறவங்க சங்கம். தொங்குறவங்களுக்கு ஆணி வேற எடத்துல அடிச்சிருக்கு.”

சேர்ந்த ஆளை அவர் விட்டதும் இல்லை. சந்தா கட்டாதவர், கூட்டத்துக்கு வராதவர், தன் முறை வரும்போது போனை அணைத்து வைப்பவர் எல்லோரையும் பொறுத்துக்கொள்வார். அவர்கள் இடத்தில் இவரே போய் நிற்பார். முழங்காலில் இறுக்கமான பட்டி போட்டிருப்பார். சாயங்காலம் அதைக் கழற்றினால் காலில் வரிவரியாகப் பதிந்திருக்கும். “எடுத்து எறிங்க லாத்தா அந்த ஆளை” என்று நான் கத்துவேன்.

“சங்கத்த விட்டு ஒரு ஆளு போனா எனக்கு வாயில ஒரு பல்லு விழுந்த மாதிரி தம்பி. நாக்கு அங்கனயேதான் போயிப் போயி நிக்கும்.”

அப்போது அதைக் கேட்கும்போது எனக்கு அவர்மேல் பிரியம்தான் வந்தது. இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஜெனிபர் ராமேஸ்வரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இருந்தாள். அவர்கள் வீட்டில் கடலுக்குப் போகாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். நல்ல வாய். கீழக்கரைக்குப் பதிலுக்கு நிற்க வந்தால், “லாத்தா, ஒங்க ஊரு வட்டலப்பம் இல்லாம நான் கோட்டு போடமாட்டேன்” என்று அந்த முட்டை, தேங்காய்ப்பால் இனிப்புக்கு அடம்பிடிப்பாள். சங்கத்தில் அவள் அளவுக்கு மற்றவர்களுக்காக நின்றவர்கள் லாத்தாவைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆகவே அவளுக்குப் பிரசவம் என்றதும் லாத்தாவுக்குக் கல்யாண வீட்டுக் குஷி.

“போயிட்டு வா பிள்ள. மாசக் கணக்கானாலும் நாங்க நிக்கிறோம்.”

யார் எந்தக் கிழமை என்று நான் போனில் அட்டவணை போட்டேன். ராமநாதபுரத்திலிருந்து, மண்டபத்திலிருந்து, கீழக்கரையிலிருந்து ஆள் மாற்றி ஆள் பாம்பன் பாலம் தாண்டிப் போய் நின்றோம். கடை ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சமயத்தில் சங்கத்தில் சேர வந்தவர்களைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரசவத்துக்குக்கூட நிற்கிறார்களாம் என்று பேச்சு பரவிவிட்டது.

ராமேஸ்வரம் முதலாளி மென்மையான மனிதர். பாம்பனிலும் ராமநாதபுரத்திலும் அவருக்குக் கடைகள் இருந்தன. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். பதிலுக்கு நிற்க வருகிறவர்களுக்கு டீயோடு வடையும் வாங்கித் தருவார். ஜெனிபர் பிள்ளையைப் பெற்று, அது தலை நின்றதும் வேலைக்கு வருகிறேன் என்று சொல்லப் போனாள். அவளுக்கும் டீ வாங்கித் தந்திருக்கிறார்.

“எதுக்குத் தாயி அவதி? பச்சப் பிள்ளய வச்சுக்கிட்டு. இங்கனதான் ஒங்க சங்கத்து ஆளுக நல்லா வாராகளே. தெனம் ஒரு ஆளு. நான் என்னத்துக்கு ஒனக்குச் சம்பளம் குடுக்கணும், நீயே சொல்லு.”

எங்கள் யாருக்கும் தோன்றாத கணக்கு அவருக்குத் தோன்றிவிட்டது. அத்தனை மாதமும் நாங்கள் ஜெனிபருக்காக நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவருக்காக நின்றிருக்கிறோம்.

செய்தி வந்த அன்றே லாத்தா வீட்டுக்குப் போனேன். “நாளைக்கே நிறுத்துவோம். ஒரு ஆளும் பாலம் தாண்டக் கூடாது. ஆள் இல்லாமக் கடையப் பூட்டுனா தானா அவளக் கூப்பிடுவாரு.”

லாத்தா வாசலில் உட்கார்ந்து கால்பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே போன் வந்துவிட்டிருந்தது. அந்த முதலாளியின் மற்றக் கடைகளில் வேலை பார்ப்பவர்களும் எங்கள் உறுப்பினர்கள்தானே? ராமேஸ்வரம் கடையைப் பூட்டவைத்தால் எங்கள் பிழைப்பில் கைவைப்பார், எங்களைச் சங்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லியிருந்தார்கள்.

“இம்புட்டுப் பேரும் போயிருவாக தம்பி.”

“போகட்டும் லாத்தா. ஜெனிபரு ஒருத்திக்காக நிக்க முடியலன்னா என்னத்துக்குச் சங்கம்?”

“நீ சின்னப்பிள்ள. நிறுத்திட்டா அப்பறம் அவரு நம்மகிட்டப் பேசவே மாட்டாரு. நான் போயி நின்னுக்கிட்டே பேசுறேன். மனசு எறங்குவாரு, இன்ஷா அல்லா.”

அட்டவணையை நான் அழித்தேன். மற்றவர்கள் போவது நின்றது. லாத்தா போனார். விடிகாலை பஸ்ஸில் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து ராமேஸ்வரம். நின்றுகொண்டே பேசினார். முதலாளி கேட்டுக்கொண்டார். வடை வாங்கித் தந்தார். வாரங்கள் போயின.

நான் அங்கே போனது ஒரு அமாவாசை நாள். தீர்த்தமாட வந்த கூட்டம் ஈரத்துணியோடு ரோட்டில் நிறைந்திருந்தது. கடையில் தலைவலி மாத்திரைக்கும் வாந்தி மாத்திரைக்கும் கைகள் நீண்டபடி இருந்தன. லாத்தா உள்ளே நிற்கிறார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஜெனிபரின் சான்றிதழ். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இடுப்பில் பிள்ளையோடு ஜெனிபர் வந்தாள். வேலை கேட்க வரவில்லை.

“லாத்தா, அந்தச் சட்டத்தக் கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க. மண்டபத்துல ஒரு கடையில கேட்டிருக்கேன். சர்ட்டிபிகேட்டக் கொண்டான்னு சொல்றாக. இவரு தரமாட்டேங்கிறாரு.”

முதலாளி கல்லாவிலிருந்து இதமாகச் சிரித்தார். “அதக் குடுத்துட்டா என் கடை சுவத்துல எதத் தாயி மாட்டுறது? இன்ஸ்பெக்டரு வந்தா இந்தம்மா யாருக்குப் பதிலா நிக்கிறாகன்னு கேப்பாரே.”

எனக்கு அந்த இடத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. சட்டத்தைக் கழற்றி அவளிடம் கொடு, கோட்டைக் கழற்று, வெளியே வா. சுவரில் பெயர் இல்லை, கடையில் ஆள் இல்லை, தானாகப் பூட்டும். லாத்தாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. யாராவது லீவு கேட்டு வந்து நிற்கும்போது வருமே, அதே வெளிச்சம்.

“நாளைக்கு வா பிள்ள. நான் தாரேன்” என்றார்.

மறுநாள், பரமக்குடியை விட்டபின் எந்தக் கடையிலும் மாட்டாத தன் சான்றிதழை வீட்டுச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்டூல் போட்டு, அந்த முழங்காலோடு ஏறி, ஜெனிபருடையதைக் கழற்றினார். அதே ஆணியில் தன்னுடையதை மாட்டினார். கடை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சட்டத்தின் தூசியைக் கோட்டு நுனியால் துடைத்து ஜெனிபரிடம் நீட்டினார். “இந்தா பிள்ள. இனி ஒனக்குத் தடையில்ல. ஒன் எடத்துல நான் நிக்கிறேன்.”

யாரையும் இழக்காமல் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டதாக அவர் மனப்பூர்வமாக நம்பினார். அதை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

ஜெனிபர் ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் சட்டமுமாக நின்றாள்.

“எனக்காக நிக்கிறேன் நிக்கிறேன்னு சொல்லிச் சொல்லியே என் எடத்த எடுத்துட்டீகளே லாத்தா.”

லாத்தா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மண்டபத்துக் கடையிலும் ஜெனிபருக்கு வேலை கிடைக்கவில்லை. அவள் போவதற்குள் அந்த முதலாளியும் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். “சங்கத்துல சொன்னா ஆளு வரும்னாகளே?” என்று அவளிடமே கேட்டாராம். கீழக்கரை, தொண்டி, பரமக்குடி என்று அந்தப் பேச்சு எல்லா ஊருக்கும் போனது. நிரந்தரமாக ஒருவர் நின்ற இடங்களில் ஆட்கள் மாறி மாறி நிற்க ஆரம்பித்தார்கள். வேலையில்லாமல் இருந்த பிள்ளைகள், இப்படி நின்றாலாவது நாலு கடை பழக்கமாகும், ஒரு கடையில் எடுத்துக்கொள்வார்கள் என்று சங்கத்துக்கு ஓடிவந்தார்கள். நான் பிளெக்ஸ் அடித்தும் பிரியாணி போட்டும் சேராத கூட்டம். அந்த வருஷக் கூட்டத்தில் ஹாலுக்கு வெளியேயும் நாற்காலி போட்டார்கள். அதிக உறுப்பினர் சேர்த்ததற்காக லாத்தாவுக்குப் பொன்னாடை. போர்த்தியவர் ராமேஸ்வரம் முதலாளி.

பொன்னாடையோடு லாத்தா மேடையிலிருந்து கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். அன்றே நான் சங்கத்திலிருந்து விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுவாரம் அவர் ராமநாதபுரத்துக்கு என் கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாடிக்கையாளர் மாதிரி வெளியே நின்று வலித் தைலம் ஒன்று வாங்கினார்.

“பல்லு விழுந்துருச்சு தம்பி.”

எனக்குக் கோபம் அடங்கியிருக்கவில்லை. “நான் இல்ல லாத்தா அது. ஜெனிபரு.”

தைலத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். “அது விழுகல தம்பி. நானாப் புடுங்குனது.” சொல்லிவிட்டு நேரத்தைப் பார்த்தார். ராமேஸ்வரம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. தெரிந்தும் போனார். போகாவிட்டால் அந்தக் கடையில் யார் நிற்பது?

ஜெனிபரை நான் பிறகு ஒருமுறை தனுஷ்கோடியில் பார்த்தேன். கூரை போட்ட கடையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சங்கும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்தாள். பிள்ளை மணலில் விளையாடியது. “லாத்தா இன்னமும் அங்கனதான் நிக்கிறாகளா?” என்றாள். ஆமாம் என்றேன். “காலு எப்படி இருக்கு?” என்றாள். நான் குனிந்து மாலைகளைக் கிளறினேன். ஒரு மாலையை எடுத்து, “வாங்குனா வாங்கு, இல்லன்னா வெயில மறைக்காத” என்றாள். வாங்கினேன்.

சென்ற மாதம் ஒரு உறவுக்காரரை அக்னி தீர்த்தத்துக்கு அழைத்துப் போனபோது ராமேஸ்வரத்து அந்த மருந்துக்கடைக்குள் நுழையவேண்டி வந்தது. பழக்கம், கண் முதலில் சுவருக்குத்தான் போனது. லாத்தாவின் சான்றிதழ் அதே ஆணியில் இருந்தது. கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, ஓரம் பழுத்திருந்தது. கீழே வெள்ளைக் கோட்டில் புதிதாக ஒரு சின்னப் பெண் நின்றாள்.

“லாத்தா இல்லையாம்மா?”

“அவுகளுக்குக் காலு முடியல சார். கீழக்கரையில வீட்லயே படுத்திருக்காக. அவுகளுக்குப் பதிலா நான் நிக்கிறேன். சங்கத்துல அனுப்புனாங்க.”

“அவங்க எப்ப வருவாங்க?”

“இனிமே வரமாட்டாங்கன்னுதான் சொல்றாங்க. சர்ட்டிபிகேட்டு மட்டும் இருக்கு.”

நிற்கிறவர்கள் சங்கத்தின் செயலாளர் கடைசியில் சுவரில் தொங்கினார்.

நானும் மருந்தாளுநர்தான் என்று பேச்சில் தெரிந்ததும் அந்தப் பெண் கல்லாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவள் தம்பியை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம், காலையிலிருந்து போன் வந்துகொண்டிருக்கிறதாம். கண் சிவந்திருந்தது. “ஒரு அரை மணி நேரம் நிப்பீங்களா சார்? ஓடிப் போயிப் பாத்துட்டு வந்துர்றேன்.”

நீ போயிட்டு வா. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லாத்தாவின் குரலிலேயே வந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

“நான் நிக்கமாட்டேம்மா. கடையப் பூட்டச் சொல்லிட்டு நீ போ.”

கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போய் அலமாரியில் சாய்ந்துகொண்டாள்.

“அய்யய்யோ சார். கடை நின்னா என்னயச் சங்கத்துல இருந்து எடுத்துருவாங்க.”

பிறகு கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம், “ஒங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.